உங்களையும் சேர்த்து மூன்று மாணவர்கள்

கலெக்டர் ஆபீஸ் வாசலில் தள்ளுவண்டிக்காரர் ஆரஞ்சுப் பழங்களைக் குவித்து வைத்திருந்தார். ஏதோ வேலையாக அந்தப் பக்கம் கிளம்பிய நம் பெண் உமா, காலாற நடக்கட்டும் என்று என்னையும் அழைத்துப் போயிருந்தாள். வேங்கிக்காலில் அவள் கட்டிய வீட்டில்தான் இப்போது இருக்கிறேன். நீங்கள் கடைசியாகப் படுத்திருந்த அறை எனக்கு.

“எந்த ஊர்ப் பழம்ப்பா?” என்று கேட்டேன்.

“நாக்பூர்மா. தோலு லூசா இருக்கும், புளிப்பு கம்மி. ஒண்ணு உரிச்சுப் பாத்துட்டு வாங்குங்க. நல்லால்லன்னா வண்டி மேலயே போட்டுட்டுப் போங்க, ஒண்ணும் சொல்ல மாட்டேன்.”

உரித்தேன். நகம் பட்ட இடத்தில் தோலின் எண்ணெய் தெறித்து விரலில் ஒட்டியது. அந்த வாசனை மூக்கில் ஏறியதும் வெயிலும் பஸ் சத்தமும் எங்கோ போய்விட்டன. ரயில் பெட்டியில் எதிர் இருக்கையில் சம்மணமிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, அடுத்த வரி வராமல் திண்டாடும் உங்கள் முகம் வந்து நின்றது.

“என்னம்மா, புளிக்கறதா?” என்றாள் உமா.

“இல்லை. ரெண்டு கிலோ வாங்கு.”

வீட்டுக்கு வந்து பையைச் சமையலறையில் வைத்துவிட்டு, மேசை முன் உட்கார்ந்துவிட்டேன். உங்களுக்கு நான் கடிதமே எழுதியதில்லை. எழுதும்படி நாம் பிரிந்து இருந்ததும் இல்லை. இப்போது எழுதலாம். “நடந்ததை நடந்த வரிசையில சொல்லு, அர்த்தத்தை அப்புறம் பாத்துக்கலாம்” என்பீர்கள். ஆய்வுக்கூடத்தில் வந்த பழக்கம். அந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

கான்பூரில் நமக்கு ஒரு குறையும் இருக்கவில்லை. உர ஆலையின் ஆய்வுக்கூடத்தில் உங்களுக்கு வேலை. ஒருநாள் பிள்ளைகளோடு உங்களுக்குச் சாப்பாடு கொண்டுவந்தவள், கண்ணாடி ஜன்னலுக்கு வெளியே நின்று பார்த்தேன். வெள்ளைக் கோட்டு போட்டிருந்தீர்கள். குழாயிலிருந்து சொட்டுச் சொட்டாக எதையோ விட்டுக்கொண்டு, அதன் மட்டத்துக்குக் கண்ணைக் கொண்டுபோக முழங்காலை மடித்துக் குனிந்து நின்றீர்கள். சேகர் ஜன்னலைத் தட்டினான். உங்களுக்குக் கேட்கவில்லை. கல்யாணமான புதிதில் உங்கள் அப்பாவைச் சந்நிதியில் நான் அப்படிப் பார்த்திருக்கிறேன். அதை உங்களிடம் சொல்லவில்லை. அந்த ஒப்புமை உங்களுக்குப் பிடித்திருக்காது.

உங்களுடையது குருக்கள் குடும்பம். திருவண்ணாமலைப் பெரிய கோயிலில் குறிப்பிட்ட நாட்களில் பூஜை செய்யும் முறை உங்கள் அப்பாவிடமிருந்து அண்ணாவுக்கு வந்தது. இரண்டாவது பிள்ளையான உங்களைக் கல்லூரிக்கு அனுப்பினார்கள். பெண் பார்க்க வந்தபோதே என்னிடம் சொன்னீர்கள்: “எனக்கு மந்திரமெல்லாம் மறந்து போச்சு. மணி அடிக்கிற மாப்பிள்ளை வேணும்னா நான் இல்லை.” வேலூரில் கன்னியாஸ்திரிகளிடம் படித்தவள் நான். “எனக்கும் மணி அடிச்சா கிளாசுக்குப் போகத்தான் தெரியும்” என்றேன். அம்மா உள்ளேயிருந்து முறைத்தாள். நீங்கள் சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் சம்மதித்தேன்.

பிறகு ஓர் ஐப்பசியில் அண்ணா திடீரென்று போய்விட்டார். அவருக்குப் பிள்ளை இல்லை. காரியம் முடிந்து கான்பூர் திரும்பிய நீங்கள், பெட்டியைக்கூடக் கீழே வைக்காமல், “முறையை யாராவது எடுத்துக்கணும். நான் போகலைன்னா நம்ம வம்சத்தோட விட்டுப்போயிடும். அப்பா நின்ன இடம்” என்றீர்கள்.

நான் ஒன்றுதான் கேட்டேன். “குழந்தைகள் படிப்பு?”

பள்ளி வருஷத்தின் நடுப்பகுதி. உமா எட்டாவது, சேகர் ஐந்தாவது. இரண்டு பேருக்கும் இங்கிலீஷும் இந்தியும் நன்றாக வரும். தமிழ் பேசுவதோடு சரி, எழுத்துக் கூட்டத் தெரியாது. திருவண்ணாமலையில் கன்னியாஸ்திரிகள் நடத்தும் ஒரு பள்ளிக்கு எழுதினேன். நடுவருஷத்தில் சேர்ப்பது வழக்கமில்லை, நேரில் வந்தால் பரீட்சை வைத்துப் பார்க்கிறோம், தேறாவிட்டால் ஜூன் வரை காத்திருக்க வேண்டும் என்று தலைமை சிஸ்டர் பதில் போட்டார்.

ஜூன் வரை காத்திருந்தால் என்ன என்று மற்றவர்கள் கேட்கலாம். உங்கள் தெருவை நான் அறிவேன். பள்ளிக்கூடம் போகாமல் வீட்டில் இருக்கும் குருக்கள் வீட்டுப் பையனை, சும்மா இருப்பானேன் என்று பாடசாலையில் உட்கார வைத்துவிடுவார்கள். ஜூன் வரும், போகும். அவன் அங்கேயே இருப்பான். மந்திரம் படிப்பதை நான் ஒருநாளும் தாழ்வாக நினைத்ததில்லை. அதைச் சேகர் படிக்க வேண்டுமானால் அவனாக விரும்பிப் படிக்கட்டும் என்றேன். ஊர் மாறின சந்தடியில் அது அவன் தலையில் விழக் கூடாது.

நீங்களும் வேலையை விட்டுவிட்டு வரவில்லை. சம்பளமில்லாத விடுப்பு. வருஷக் கடைசி வரை உங்கள் இடத்தில் வேறு ஆளைப் போடுவதில்லை என்று மேலதிகாரி சொல்லியிருந்தார். “அதுக்குள்ள ஏதாவது ஒரு வழி பண்ணிண்டு வந்துடறேன்” என்று அவரிடம் சொன்னதாக என்னிடம் சொன்னீர்கள். என்ன வழி என்று நான் கேட்கவில்லை. உங்களுக்குத் தெரியாது என்பது முகத்திலேயே இருந்தது.

சாமான்கள் லாரியில் போயின. பள்ளிப் புத்தகங்களை மட்டும் என் கையோடு வைத்துக்கொண்டேன். வண்டி கிளம்பி ஆலைப் புகை கண்ணுக்கு மறையும் முன்பே, ஓர் அட்டையில் கால அட்டவணை எழுதி ஜன்னல் கம்பியில் நூல் போட்டுக் கட்டினேன். காலையில் கணக்கு, பிறகு டிக்டேஷன், சாப்பாட்டுக்குப் பின் தமிழ் எழுத்து, மாலையில் வழியில் வரும் ஆறுகளையும் ஊர்களையும் வைத்துப் பூகோளம்.

எதிரே போளூருக்கு லீவில் போகும் ராணுவக்காரர் ஒருவர் இருந்தார். “ரயில்லயும் ஸ்கூலாம்மா?” என்று கேட்டார்.

“ரயில் வேணும்னா நிக்கும். ஸ்கூல் நிக்காது.”

“அப்போ நான் மேல் பர்த்துக்குப் போயிடுறேங்க. நான் ஏழாவதுல ஓடிப்போனவன். உங்க கண்ணு என் மேல பட்டுட்டா வம்பு.”

அவர் ஏறிப் படுத்த பிறகுதான் நீங்கள் கைப்பையிலிருந்து அந்தப் புத்தகத்தை எடுத்தீர்கள். ருத்ரமும் பூஜைக்கு வேண்டிய மந்திரங்களும் இருந்த, காசியில் அச்சான நாகரி எழுத்துப் புத்தகம். சின்ன வயதில் அப்பாவிடம் வாய்வழியாகக் கற்றது எல்லாம் துண்டு துண்டாகத்தான் நினைவிருந்தது. “போய் இறங்கினதும் சாமிநாதன் சொல்லிக் காட்டச் சொல்வான். மானம் போயிடும்” என்றீர்கள். சாமிநாதன் அண்ணா உங்கள் பெரியப்பா பிள்ளை. பாடசாலை நடத்துகிறவர். பங்காளிகளில் மூத்தவர். முறை உங்களிடம் வருவதா இல்லையா என்பதில் அவர் வாய்ச்சொல்தான் கடைசி.

நான் அட்டையை அவிழ்த்து, தமிழ் எழுத்து என்ற வரிக்குப் பக்கத்தில் “அப்பா, ஒப்பித்தல்” என்று சேர்த்துவிட்டு மறுபடி கட்டினேன். உமாவுக்கு உயிரெழுத்து சொல்லிக்கொடுக்கிற நேரத்தில் சேகரைச் சும்மா விட்டால் கதவோரம் போய் நிற்பான். அதனால் உங்கள் புத்தகத்தை அவன் கையில் கொடுத்து, “அப்பா சரியாச் சொல்றாரா பார்” என்றேன். கான்பூர்ப் பையனுக்கு நாகரி எழுத்து தண்ணீர் பட்ட பாடு. பொருள் ஒன்றும் தெரியாது. ஆனால் ஓர் எழுத்து நகர்ந்தால் விட மாட்டான்.

“அப்பா, தப்பு. ஒரு வார்த்தையை விட்டுட்டே.”

“விடலைடா. முழுங்கினேன்.”

“முழுங்கக் கூடாது. மறுபடியும் மொதல்லேர்ந்து சொல்லு.”

மொதல்லேர்ந்து சொன்னீர்கள். அவன் திருத்தத் திருத்த, ஒரு தடவைகூட முகம் சுளிக்காமல் சொன்னீர்கள். பிள்ளைகள் பாடம் படிக்கும்போது பேப்பரை விரித்துக்கொண்டு உட்காரும் தகப்பன்களைத்தான் நான் பார்த்திருந்தேன்.

நாக்பூரில் வண்டி நின்றது. ஆந்திரப் பக்கம் புயல், தண்டவாளத்தின் மேல் தண்ணீர் ஓடுகிறது, எப்போது கிளம்பும் என்று சொல்ல முடியாது என்றார்கள். மற்றவர்கள் பிளாட்பாரத்தில் துண்டு விரித்துப் படுத்தார்கள். நீங்கள் ஒரு கூடை ஆரஞ்சு வாங்கி வந்தீர்கள். சரியாகச் சொன்னால் ஒரு சுளை, தப்பினால் கிடையாது என்று நான் விதி போட்டேன். உமா கணக்கில் வாங்கிக் குவித்தாள். சேகருக்கு டிக்டேஷனில் கிடைத்தது. உங்களுக்குத்தான் வருவேனா என்றது.

ராணுவக்காரர் மேலிருந்து தலையை நீட்டினார். “சார், பையன் ரொம்ப ஸ்ட்ரிக்டா இருக்கான். எங்க சுபேதாரே தேவலாம்.”

“அவன் அம்மா வளர்ப்பு” என்றீர்கள்.

“அது வண்டியில ஏறினப்பவே தெரிஞ்சுதுங்க.”

பெட்டியே சிரித்தது. நானும்தான். எங்கும் போகாமல் நின்ற அந்த வண்டியில், பின்னால் விட்டுவந்த வீடும் இல்லை, முன்னால் இருக்கும் வீடும் இல்லை. மூன்று பேருக்கு நான் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். அதில் நீங்கள்தான் மக்கு. என் வாழ்வில் அதைவிட நல்ல நாள் எது என்று கேட்டால் எனக்குச் சட்டென்று சொல்லத் தெரியாது.

தண்ணீர் வடிந்து வண்டி மறுபடி ஓடியபோது நீங்கள் ஓரிடத்தில் நிறுத்திவிட்டுச் சேகரையே பார்த்தீர்கள். அவன் முகம் ஜன்னல் பக்கம் இருந்தது. புத்தகம் மடியில் மூடிக் கிடந்தது. அடுத்த வரியை அவன் சொன்னான்.

“இவன் பாக்காமலே சொல்றான்” என்று என்னிடம் மெதுவாகச் சொன்னீர்கள்.

எனக்குப் பெருமையாக இருந்தது. இந்த ஞாபகசக்தி வரலாற்றுப் பாடத்துக்கு உதவும் என்று நினைத்தேன்.

சென்னையிலிருந்து பஸ். கீழ்பென்னாத்தூர் தாண்டியதும் மழைக்கு நடுவே மலை தெரிந்தது. உமா கடைப் பலகைகளை எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டு வந்தாள். நீங்கள் உதட்டை அசைத்துக்கொண்டே வந்தீர்கள்.

மறுநாள் மாலை சாமிநாதன் அண்ணா வந்தார். கூடத்தில் பலகையைப் போட்டு உட்கார்ந்து, இறந்துபோன உங்கள் அண்ணாவைப் பற்றி இரண்டு வார்த்தை பேசிவிட்டு, “எங்கே, சொல்லு கேப்போம்” என்றார். நீங்கள் தொடங்கினீர்கள். நன்றாகத்தான் போயிற்று. ஓரிடத்தில் நின்றது. இரண்டு வரி முன்னாலிருந்து எடுத்துவந்தீர்கள். அதே இடத்தில் மறுபடி நின்றது. உங்கள் காது மடல் சிவந்ததை நான் பார்த்தேன்.

அப்போது கதவோரம் நின்றிருந்த சேகர் வாயைத் திறந்தான். நீங்கள் விட்ட இடத்தில் எடுத்து, முடிவு வரை மூச்சு வாங்காமல் சொன்னான். அப்பாவுக்குச் சுளை போய்விடுமே என்று எடுத்துக் கொடுக்கிற பிள்ளை போலத்தான் சொன்னான்.

சாமிநாதன் அண்ணா கண்ணை மூடிக் கேட்டார். கடைசியில் தொடையைத் தட்டிச் சிரித்தார். “எழுத்து சுத்தம்டா. ஸ்வரம் மட்டும் உன்னுது. ஏத்தற இடத்துல எறக்கறான், எறக்கற இடத்துல ஏத்தறான். அப்பன் தப்பு ஒண்ணையும் மிச்சம் வெக்காம வாங்கிண்டிருக்கான். எங்கே படிச்சான் இவன்?”

“வண்டியில” என்றீர்கள்.

“வண்டியிலயா? எங்கிட்ட பசங்க ரெண்டு வருஷமா முக்கிண்டிருக்கா.”

பிறகு அவர் சிரிப்பை நிறுத்திவிட்டுப் பேசினார். “இதோ பார். உனக்கு நாக்கு தடிச்சுப் போச்சு. நாப்பது வயசுக்கு மேல இது படியறது கஷ்டம். இவனை எங்கிட்ட விடு. எங்காத்துல ஒருத்தனா இருக்கட்டும். ஸ்வரத்தை நான் திருத்திடறேன். இவன் தலையெடுக்கற வரைக்கும் உன் முறையை நான் நடத்தறேன். நீ கான்பூர் திரும்பிப் போ. உன் வேலையும் நிக்கும், சித்தப்பா இடமும் நிக்கும்.”

அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். இன்றும் அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. உங்கள் மேலதிகாரியிடம் நீங்கள் சொல்லிவிட்டு வந்த அந்த ‘ஏதாவது ஒரு வழி’ அதுதான். தேடாமலே கூடத்துக்கு வந்து உட்கார்ந்திருந்தது. நீங்கள் தலையாட்டியிருந்தால் போதும், அடுத்த வாரம் அந்த வெள்ளைக் கோட்டு உங்கள் தோளில்.

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லத் தயங்குகிறவள் இல்லை நான், அது ஊருக்கே தெரியும். ஆனால் அந்த வேலை உங்களுடையது. அதை விடுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பிள்ளையை விட்டுவிடுங்கள் என்று சொல்லவும் வரவில்லை. என் முகத்தில் என்ன இருந்ததோ, அதை நீங்கள் படித்துக்கொண்டீர்கள்.

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “அண்ணா, அவனுக்குத் திங்கக்கிழமை ஸ்கூல்ல பரீட்சை இருக்கு. நான் வரேன். உங்க பசங்களோட உக்காந்து மொதல்லேர்ந்து படிக்கறேன்” என்றீர்கள்.

“நீயா? அந்தப் பொடிப் பசங்களோடயா?”

“வர வழியில பத்து வயசுப் பையன்கிட்ட படிச்சேனே. இவா அவனுக்குப் பெரியவாதானே.”

அண்ணா உங்களை ஏற இறங்கப் பார்த்தார். “சரி, வா. காலம்பர தலை ஈரத்தோட வந்து சேரணும். நேரம் தப்பினா வெளியிலதான்” என்று சொல்லிவிட்டு எழுந்துபோனார்.

திங்கட்கிழமை பரீட்சையில் இரண்டு பேரும் தேறினார்கள். ‘என் பள்ளி’ என்று ஆங்கிலத்தில் கட்டுரை எழுதச் சொன்னார்களாம். சேகர் ரயில் பெட்டியைப் பற்றி எழுதியிருந்தான். எங்கள் பள்ளியில் மூன்று மாணவர்கள், மூன்றாவது மாணவர் படிப்பில் சுமார், ஆனால் நடத்தை நல்லது என்று எழுதியிருந்தான். சிஸ்டர் அதை எனக்குப் படித்துக் காட்டிவிட்டு, “அந்த மூன்றாவது பிள்ளையை ஏன் அழைத்து வரவில்லை?” என்று கேட்டார். வீட்டுக்கு வந்து உங்களிடம் சொன்னேன். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தீர்கள்.

அந்த வாரமே ராஜினாமா அனுப்பினீர்கள். கடிதத்தை எழுதியது நான். உங்கள் ஆங்கிலத்தை எப்போதும் கேலி செய்வேன். அன்று செய்யவில்லை. நீங்கள் ஒரு தடவை படித்தீர்கள். “ரொம்ப நன்னா இருக்கு. ஒரு தப்புகூட இல்லை” என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டீர்கள்.

பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துப் போகும் வழியில்தான் பாடசாலை. முதல் நாள் ஜன்னல் வழியே பார்த்தேன். குடுமி வைத்த சிறுவர்களின் வரிசையில் கடைசியாக நீங்கள். முன்னந்தலையை மழித்திருந்தீர்கள். பின்னால் முடி இன்னும் முடிச்சுப் போடும் அளவுக்கு வளரவில்லை. அண்ணா எதையோ சுட்டிக்காட்ட, பையன்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். நீங்கள் தலையைக் குனிந்துகொண்டு மறுபடி சொல்லத் தொடங்கினீர்கள். அதன் பிறகு நான் தேரடி வழியாகச் சுற்றிப் போனேன். நான் பார்ப்பதை நீங்கள் பார்த்துவிடக் கூடாது.

மந்திரம் நாக்கில் படிந்தது. அண்ணா நினைத்ததைவிடச் சீக்கிரம் படிந்தது. தீக்ஷை ஆயிற்று, முறை உங்கள் கைக்கு வந்தது. ஆனால் ஆய்வுக்கூடம் உங்களை விடவில்லை. அபிஷேகச் செம்புகளை மூன்று தண்ணீர் விட்டுக் கழுவுவீர்கள். பாலை விடும்போது முழங்கால் தானாக மடியும், கண் செம்பின் விளிம்புக்குப் போகும். கடைத்தெருவில் ‘லேப் சாமி’ என்று பெயர் வைத்தார்கள். “லேப் சாமி வீட்டு அம்மாங்களா? ரெண்டு முழம் ஜாஸ்தியா எடுத்துக்குங்க” என்று பூக்காரி என்னிடம் சொல்லியிருக்கிறாள். முதலில் அது கேலி. நாளாக ஆக மரியாதையாகிவிட்டது. உங்களுக்கு அது எப்போதாவது வலித்ததா என்று தெரியவில்லை. கூப்பிட்டால் திரும்பிப் பார்த்துச் சிரிப்பீர்கள்.

அம்மன் மாலையிலிருந்து கழித்த செம்பருத்திப் பூக்களை வீட்டுக்குக் கொண்டுவந்து, கசக்கிச் சாறு எடுத்து, சேகரிடம் காட்டுவீர்கள். எலுமிச்சம்பழம் பிழிந்தால் ரோஜா நிறம், சுண்ணாம்புத் தண்ணீர் விட்டால் பச்சை. அவன் இன்னும் இன்னும் என்று கேட்பான். “இதுக்கு மேல ஸ்கூல் லேப்ல கேளுடா. எங்கிட்ட இருக்கறது இவ்வளவுதான்” என்பீர்கள். சமையலறையில் நின்று அந்த வாக்கியத்தைக் கேட்ட நாட்களில், கையில் எந்த வேலை இருந்தாலும் அது ஒரு நொடி நின்றுவிடும்.

உமா ஆசிரியை ஆனாள். சேகர் ஜெர்மனியில் ஓர் ஆய்வுக்கூடத்துக்குப் போனான். அவனை விமானம் ஏற்றிவிட்டு வந்த நாள், நீங்கள் சமையலறை வாசலில் வந்து நின்றீர்கள்.

“நான் ஒண்ணு கேக்கணும்.”

“கேளுங்கோ.”

என்னைப் பார்த்தீர்கள். பிறகு, “மோர் இருக்கா?” என்றீர்கள். கொடுத்தேன். நின்றபடியே குடித்துவிட்டு மாலைப் பூஜைக்குக் கிளம்பிவிட்டீர்கள். நீங்கள் கேட்க வந்தது மோர் இல்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும். அதற்குப் பிறகு நீங்கள் கேட்கவே இல்லை. போன கார்த்திகையில், ஊரே தீபத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்தபோது, அதையும் எடுத்துக்கொண்டு போய்விட்டீர்கள்.

முறை இப்போது சாமிநாதன் அண்ணாவின் பிள்ளை மணியிடம். சேகரைவிட ஒரு வயது மூத்தவன். அன்று உங்களைப் பார்த்து வாயைப் பொத்திச் சிரித்தவர்களில் அவனும் ஒருவன். வெள்ளிக்கிழமைதோறும் வேங்கிக்கால் வரை ஸ்கூட்டரில் வந்து பிரசாதம் கொடுக்கிறான். “சித்தி, சேகர் போன் பண்ணினானா? நன்னா இருக்கானா?” என்று கேட்கிறான். வீடு நிறையக் குழந்தைகள், வாய் நிறையச் சிரிப்பு. அந்தப் பாதையில் போன பிள்ளை ஒன்றும் கெட்டுப்போகவில்லை என்பதை வாரம் ஒரு முறை என் கண்ணால் பார்க்கிறேன்.

சேகர் போன வாரம் பேசினான். வேலை நார்வேக்கு மாறுகிறது, இங்கேயும் நடுவருஷம்தான், குழந்தைகள் படிப்பு என்னவாகுமோ என்றான். எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. கால அட்டவணை போடு, காலையில் கணக்கு என்று ஆரம்பித்தேன்.

“எனக்கு அட்டவணையெல்லாம் ஞாபகமே இல்லையேம்மா” என்றான்.

“ஜன்னல் கம்பியில கட்டியிருந்தேனேடா.”

“இருக்கலாம். அப்பா தப்பாச் சொல்லிட்டு என்னைப் பாத்து முழிப்பாரே, அதுதான் ஞாபகம் இருக்கு. நானும் இப்போ அப்படித்தான் முழிக்கறேன். புது ஊர் பாஷையை குழந்தைகளோட உக்காந்து படிக்கறேன். சின்னவ என்னைத் திருத்தறா. மொதல்லேர்ந்து சொல்லுங்கறா.”

“உனக்குக் கோவம் வரலையா?”

“எப்படிம்மா வரும்?” என்றான்.

அட்டவணை மறந்துபோனதில் எனக்கு இன்னும் கொஞ்சம் மனத்தாங்கல்தான். நீங்கள் இருந்திருந்தால் சிரித்திருப்பீர்கள்.

அன்று சமையலறை வாசலில் நீங்கள் கேட்காமல் விட்டதற்கு என்னிடம் பதில் இருக்கிறது. முன்பெல்லாம் வேறு பதில் வைத்திருந்தேன். சேகர் வாங்கிய மதிப்பெண்கள், உமாவின் வேலை என்று வரிசையாகச் சொல்லி உங்கள் வாயை அடைத்திருப்பேன். நீங்கள் கேட்க வந்தது அதல்ல. கூடத்தில் உங்களைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்தபோது, உங்களிடமிருந்து எது போகிறது என்று இவளுக்குத் தெரிந்திருந்ததா என்று கேட்க வந்தீர்கள்.

தெரியும். நன்றாகத் தெரியும். உங்களுக்கு முன்னாலேயே எனக்குத் தெரியும். தெரிந்துதான் பேசாமல் இருந்தேன். நாளைக்கு அதே மாலை திரும்பி வந்து, நீங்கள் அதே மாதிரி என்னைப் பார்த்தாலும் நான் பேச மாட்டேன். நீங்களும் அதே துண்டை உதறித் தோளில் போட்டுக்கொள்வீர்கள்.

துக்கம் விசாரிக்க வருகிறவர்களிடம், கணவனை இழந்த மற்றப் பெண்கள், அப்படிச் செய்திருக்கலாம், இப்படிச் செய்திருக்கலாம் என்று சொல்லி அழுகிறார்கள். அழுதபின் கொஞ்சம் ஆறுதலாக எழுந்துபோகிறார்கள். எனக்குப் பிடித்துக்கொண்டு அழ அப்படி ஒன்றுகூட இல்லை.